கொடையும் கொலையும் ஒரே வாயிலில்: இப்னு பதூதா கண்ட தில்லி

தமிழில் ‘துக்ளக் தர்பார்’ என்றொரு வழக்கு உண்டு. இன்று ஓர் ஆணையிட்டு, நாளை அதையே மாற்றிக்கொள்ளும் நிலையற்ற ஆட்சிக்கு நம் மக்கள் இட்ட பெயர் அது. 1968ஆம் ஆண்டில் மேடையேறிய சோவின் நாடகம் அப்பெயரை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. தலைநகரைத் தில்லியிலிருந்து தௌலதாபாத்துக்கு மாற்றியவர், வெள்ளிக்கு ஈடாகச் செம்பு நாணயத்தைப் புழங்கவிட்டுத் தோற்றவர் என்ற இரண்டு செய்திகளோடு சுல்தான் முஹம்மது பின் துக்ளக்கின் கதையைப் பள்ளிப் பாடமும் பெரும்பாலும் முடித்துவிடுகிறது.

ஆனால் அந்தச் சுல்தானின் நகரில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து, அவருடைய உப்பை உண்டு, அவருடைய வாளுக்கும் அஞ்சி நின்ற ஒருவர், தாம் கண்டதையும் கேட்டதையும் விரிவாகச் சொல்லிச் சென்றிருக்கிறார். மொராக்கோ நாட்டின் தஞ்சா நகரில் 1304ஆம் ஆண்டில் பிறந்த இப்னு பதூதாவே அவர். அவர் காட்டும் தில்லியைப் போல முரண்கள் நிறைந்த நகரத்தை வரலாற்று ஏடுகளில் காண்பது அரிது.

அந்தத் தில்லியை நாம் அறிந்துகொள்ள வேண்டிய தேவை இன்று கூடியிருக்கிறது. சுல்தான்களைப் பற்றி நம் பிள்ளைகள் இருவேறு கதைகளைக் கேட்டு வளர்கின்றனர். அவர்கள் அனைவரும் கொடியவர்கள் என்கிறது ஒரு கதை. அவர்கள் அனைவரும் நீதிமான்கள் என்கிறது மற்றொன்று. இரண்டுமே உண்மைக்கு நியாயம் செய்வதில்லை. தம்முடைய மார்க்கத்தைச் சேர்ந்த, தமக்கே படியளந்த ஓர் அரசரைப் பற்றிச் சாட்சி சொல்லும்போது ஒரு முஸ்லிம் எவ்வாறு சொல்ல வேண்டும் என்பதற்கு இப்னு பதூதாவின் தில்லி ஒரு பாடமாக அமைந்திருக்கிறது.

சிந்து நதியிலிருந்து தில்லி வரை

ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்ற 1325ஆம் ஆண்டில், தமது இருபத்தொன்றாம் வயதில் ஊரைவிட்டுப் புறப்பட்ட இப்னு பதூதா, பல நாடுகளைச் சுற்றி ஹிஜ்ரி 734 முஹர்ரம் முதல் நாளன்று, அதாவது 1333 செப்டம்பரில், சிந்து நதிக்கரையை அடைந்தார். அவர் வந்த செய்தி அவருக்கு முன்பே தில்லிக்குப் பறந்தது. சிந்துவிலிருந்து தில்லிக்கு நடைப்பயணம் ஐம்பது நாள். அரசின் அஞ்சல் முறையோ ஐந்தே நாள்களில் செய்தியைச் சேர்த்துவிடும். குதிரை அஞ்சலோடு, மணி கட்டிய கோலை ஏந்தி ஓடும் ஓட்டக்காரர்களும் இருந்தனர். ஒருவர் ஓடிவரும் மணியோசை கேட்டதும் அடுத்தவர் ஆயத்தமாகி நிற்பார். வந்தவர் யார், அவருடைய தோற்றமும் உடையும் எத்தகையன, அவருடன் வந்தோர் எத்தனை பேர் என்ற விவரங்கள் எல்லாம் அதில் எழுதி அனுப்பப்பட்டன.

வெளிநாட்டு அறிஞர்களைப் பெரிதும் மதித்தவர் அந்தச் சுல்தான். அவர்களை ‘அயல்நாட்டார்’ என்று அழைக்கக் கூடாது, ‘அஜீஸ்’, அதாவது மதிப்புக்குரியவர் என்றே அழைக்க வேண்டும் என்பது அவருடைய ஆணை. இந்த நாட்டிலேயே தங்கிவிடும் எண்ணத்துடன் வந்திருப்பதாக எழுதிக் கொடுத்த பிறகே வருவோர் மேலே செல்ல முடிந்தது. இப்னு பதூதாவும் அவ்வாறே எழுதிக் கொடுத்தார். வரவேற்பின் இனிமையும் கண்காணிப்பின் இறுக்கமும் அவருக்கு முதல் நாளிலேயே ஒருசேரக் கிடைத்தன.

நான்கு நகரங்கள், ஒரு பெயர்

1334ஆம் ஆண்டில் அவர் கண்ட தில்லி, அடுத்தடுத்து அமைந்த நான்கு நகரங்களின் தொகுதியாக இருந்தது. பழைய தில்லி, அலாவுத்தீன் கில்ஜி எழுப்பிய சீரி, கியாஸுத்தீன் துக்ளக் கட்டிய துக்ளகாபாத், முஹம்மது பின் துக்ளக் தாமே அமைத்த ஜஹான்பனாஹ் ஆகியவை அவை. கிழக்கத்திய இஸ்லாமிய நாடுகள் அனைத்திலும் இதைவிடப் பெரிய நகரம் இல்லை என்று அவர் எழுதுகிறார்.

பழைய தில்லியின் மதில் அவரை வியக்க வைத்தது. பதினொரு முழம் அகலம் கொண்ட அம்மதிலுக்குள்ளேயே காவலர்களின் வீடுகளும் தானியக் களஞ்சியங்களும் இருந்தன. பல தலைமுறைகளுக்கு முன் சுல்தான் பல்பன் காலத்தில் சேமிக்கப்பட்ட அரிசியை அங்கிருந்து எடுத்துக் காட்டினார்கள். நிறம் கறுத்திருந்தாலும் சுவை கெடாமல் இருந்ததாம் அந்த அரிசி. அந்த நகருக்கு இருபத்தெட்டு வாயில்கள் இருந்தன.

ஜாமிஆ மஸ்ஜிதைப் பற்றி எழுதும்போது அதன் பரப்பையும் வெண்கல்லால் ஆன சுவர்களையும் துருப்பிடிக்காத தூணையும் புகழ்கிறார். அதே இடத்தில், அங்கே முன்பு ஒரு கோயில் இருந்தது என்பதையும், கிழக்கு வாயிலருகே இரு பெரிய சிலைகள் தரையில் கிடந்தன என்பதையும் மறைக்காமல் குறித்துவைக்கிறார். குத்புமினார் வளாகத்துக்கு இன்று செல்வோர், கோயில் தூண்கள் அந்த மஸ்ஜிதின் மண்டபங்களைத் தாங்கி நிற்பதைக் கண்ணாரக் காணலாம். அழகும் உண்மை, இழப்பும் உண்மை. இப்னு பதூதா இரண்டில் எதையும் விட்டுவிடவில்லை.

நம் பள்ளிவாசல்களில் ஒளு செய்யும் நீர்த்தொட்டியை ஹவுள் என்கிறோமே, அதே சொல்லால் தில்லியின் இரு பெரும் ஏரிகளும் அழைக்கப்பட்டன. ஒன்று சுல்தான் இல்துத்மிஷ் வெட்டுவித்த ஹவுளே ஷம்ஸி. மழைநீரைத் தேக்கி மக்களுக்குக் குடிநீர் தந்த ஏரி அது. நீர் வற்றும் காலத்தில் அதன் ஓரங்களில் கரும்பும் வெள்ளரியும் முலாம்பழமும் பயிரிட்டார்கள். மற்றொன்று அதைவிடப் பெரிய ஹவுளே காஸ். அதன் கரையைச் சுற்றி இசைவாணர்கள் குடியிருந்தார்கள். அவர்களுக்கெனத் தனிக் கடைத்தெருவும் மஸ்ஜிதுகளும் இருந்தன.

அந்த இசைவாணர்களைப் பற்றி அவர் சொல்லும் செய்தி நெஞ்சில் நிற்கிறது. ரமலான் இரவுகளில் அங்கு வாழ்ந்த பாடகியர் பெருந்தொகையினராக மஸ்ஜிதில் கூடி, இமாமின் பின்னால் தராவீஹ் தொழுதனர். ஆண் பாடகர்களும் அவ்வாறே தொழுதனர். அரண்மனைத் திருமணம் ஒன்றில் பாட வந்த கலைஞர்கள் ஒவ்வொருவரும் தம் முழங்காலின் கீழ் ஒரு முஸல்லாவை விரித்திருந்ததையும், பாங்கோசை கேட்டதும் எழுந்து ஒளு செய்து தொழுததையும் அவர் கண்டார்.

அரண்மனை வாயில்

சுல்தானின் அரண்மனைக்கு மூன்று வாயில்கள். முதல் வாயிலில் எக்காளம் ஊதுவோர் அமர்ந்து, பெரிய மனிதர் எவரும் வந்தால் அவர் பெயரைக் கூவி அறிவிப்பர். இரண்டாவது வாயிலில் கட்டியங்காரர்கள் நிற்பர். மூன்றாவது வாயிலில் எழுத்தர்கள் அமர்ந்து, இன்னார் இத்தனை மணிக்கு வந்தார் என்று ஏட்டில் பதிவர். அதையும் தாண்டினால் வண்ணம் தீட்டிய மரத்தூண்கள் தாங்கிய பெருமண்டபம். ஆயிரம் தூண் என்னும் பொருளில் ஹஜார் சுதூன் என்பது அதன் பெயர். ஜஹான்பனாஹ் பகுதியில் இன்று பிஜய் மண்டல் என்னும் இடிபாடு நிற்கும் இடமே அந்த அரண்மனை இருந்த இடம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

அரண்மனை விருந்தை அவர் விவரிக்கும்போது நமக்குத் தெரிந்த ஒரு பண்டமும் எதிர்ப்படுகிறது. கொத்திய இறைச்சியோடு வாதுமை, பிஸ்தா, வெங்காயம், மசாலாப் பொருள்கள் சேர்த்து, மெல்லிய மாவுத் தகட்டில் மடித்து, நெய்யில் பொரித்த ‘சமூசக்’ அது. நோன்பு திறக்கும் வேளையில் நம் வீட்டுத் தட்டுகளில் இருக்கும் சமூசா, ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்கு முன் தில்லி அரசவையில் இருந்தது. விருந்தின் முடிவில் வெற்றிலையும் பாக்கும் தரப்பட்டன.

முதல் வாயிலுக்கு வெளியே இருந்த திண்ணைகளில் வேறு சிலரும் அமர்ந்திருந்தார்கள். அவர்கள் கொலைத்தண்டனையை நிறைவேற்றுவோர். சுல்தான் எவரையேனும் கொல்ல ஆணையிட்டால் அந்த வாயிலிலேயே தண்டனை நிறைவேறும். உடல் மூன்று நாள்கள் அங்கேயே கிடக்கும். பரிசு பெறச் செல்வோரும் அந்த உடல்களைக் கடந்தே உள்ளே செல்ல வேண்டும். ஏழை ஒருவன் செல்வனாவதும் உயிருள்ள ஒருவன் பிணமாவதும் நிகழாத நாள் அந்த வாயிலுக்கு அரிது என்னும் கருத்தில் இப்னு பதூதா அந்தச் சுல்தானை அறிமுகம் செய்கிறார்.

முதலில் கொடையைப் பார்ப்போம். இப்னு பதூதாவுக்குத் தில்லியின் காஜிப் பதவி வழங்கப்பட்டது. ஆண்டுக்கு 12,000 தீனார் ஊதியம். அதற்கு மேல் கிராம வருவாய். நாட்டு அலுவல் மொழியான பாரசீகம் அவருக்குச் சரளமாக வராது என்பதால் இரு துணைவர்களும் அமர்த்தப்பட்டனர். அவ்வளவு பெற்றும் அவர் கடனாளியானார். சுல்தானுக்குக் கொண்டுசெல்லும் காணிக்கையை வணிகரிடம் கடனாக வாங்குவதும், சுல்தான் தரும் பெரும் பரிசைக் கொண்டு அடைப்பதும் அங்கு வழக்கம். அவ்வழக்கில் அவருக்கு 55,000 தீனார் கடன் சேர்ந்தது. கடன்காரர்களிடம் அவரே சொல்லிவைத்து, தாம் அரண்மனைக்குள் நுழையும்போது வாயிலில் தம்மை மறித்துச் சுல்தானின் பெயரைச் சொல்லி முறையிடச் செய்தார். செய்தி உள்ளே எட்டியது. காலம் தாழ்ந்தாலும் சுல்தான் அக்கடனை அடைத்தார். தம்முடைய இந்தத் தந்திரத்தையும் இப்னு பதூதா தாமே சொல்லியிருக்கிறார்.

சுல்தானின் நீதியைக் குறித்தும் அவர் சொல்கிறார். இந்துப் பிரமுகர் ஒருவர், தம் சகோதரரைக் காரணமின்றிக் கொன்றதாகச் சுல்தான் மீதே காஜியிடம் வழக்குத் தொடுத்தார். சுல்தான் ஆயுதமின்றி நடந்து நீதிமன்றத்துக்குச் சென்றார். தாம் வரும்போது எழுந்து நிற்கக் கூடாது என்று காஜிக்கு முன்பே சொல்லி அனுப்பியிருந்தார். வழக்காளியை நிறைவு செய்ய வேண்டும் என்று காஜி தீர்ப்பளித்தார், சுல்தான் பணிந்தார். மற்றொரு முறை, காரணமின்றித் தன்னைச் சுல்தான் அடித்ததாக ஒரு சிறுவன் முறையிட்டான். பதிலுக்கு அடிக்கலாம் என்று தீர்ப்பானது. சுல்தான் தம் கையாலேயே சிறுவனிடம் பிரம்பைக் கொடுத்தார். இருபத்தொரு அடிகள் விழுந்தன. ஓர் அடியில் சுல்தானின் குல்லாவே தலையிலிருந்து கீழே விழுந்தது.

இனிக் கொலையைப் பார்ப்போம். குராசானிலிருந்து வந்த ஷைகு ஷிஹாபுத்தீன் என்ற இறைநேசரை அரசுப் பணி ஏற்குமாறு சுல்தான் அழைத்தார். அவர் மறுத்தார். அதற்காக அவருடைய தாடி பிடுங்கப்பட்டது. அவர் தௌலதாபாத்துக்கு அனுப்பப்பட்டார். பின்னர் திரும்பி வந்து, தில்லிக்கு வெளியே நிலத்தடியில் குகை ஒன்றை அகழ்ந்து, நிலத்தை உழுது வாழ்ந்தார். மீண்டும் அழைப்பு வந்தது. அநியாயக்காரருக்கு ஊழியம் செய்ய முடியாது என்றார் ஷைகு. சுல்தான் தம் வாளை மார்க்கத் தலைவரிடம் நீட்டி, நான் அநியாயக்காரன் என்று நிறுவினால் இதனாலேயே என் கழுத்தை வெட்டலாம் என்றார். அப்படிச் சாட்சி சொல்பவர் உயிரோடு திரும்பமாட்டார், ஆயினும் உம் அநியாயத்தை நீரே அறிவீர் என்பதாக ஷைகு விடையளித்தார். தம் சொல்லைத் திரும்பப் பெறாத அவர் கொல்லப்பட்டார்.

நீதிமன்றத்தில் சிறுவனிடம் பிரம்பைக் கொடுத்த அதே கை ஷைகின் கழுத்தை வெட்ட ஆணையிட்டது. சுல்தான் தாமே விரும்பி நீதிக்குப் பணிந்த நாளில் நீதி நடந்தது. அவர் விரும்பாத நாளில் அவரைத் தடுக்க அந்தப் பெருநகரில் எவரும் இல்லை. ஆள்பவரின் மனநிலையை மட்டுமே நம்பி நிற்கும் நீதிக்கு அடித்தளம் கிடையாது என்பதை இந்த நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து வைத்துக் காட்டுகின்றன.

தொழுகையின் கதையும் இவ்வாறே. ஜமாஅத் தொழுகைக்கு வராதவர்களைத் தண்டிக்கச் சுல்தான் ஆள்களை ஏவினார். அக்குற்றத்துக்காக ஒரே நாளில் ஒன்பது பேரைக் கொன்றார். அவர்களில் ஒருவர் பாடகர். அச்சத்தால் மக்கள் கடைத்தெருக்களில் ஒளுவின் கடமைகளையும் தொழுகையின் கடமைகளையும் மனப்பாடம் செய்துகொண்டிருந்தனர். ஹவுளே காஸ் கரையில் முஸல்லாவை உடன் எடுத்துச் சென்ற இசைவாணர்களை இங்கே நினைத்துப் பார்க்கலாம். ஒரே நகரில் ஒரு தொழுகை அன்பினால் நின்றது. இன்னொரு தொழுகை வாளின் நிழலில் நின்றது. வாளின் கணக்கு சுல்தானின் ஏட்டில் எழுதப்பட்டது. அன்பின் கணக்கை எழுதுபவன் அல்லாஹ் ஒருவனே.

பஞ்சமும் பந்தியும்

இப்னு பதூதா தில்லியில் வாழ்ந்த ஆண்டுகளில் வட இந்தியாவைக் கடும் பஞ்சம் தாக்கியது. மழை பொய்த்தது; கங்கை யமுனைச் சமவெளியில் ஏற்கெனவே சுமத்தப்பட்ட கடுமையான வரியால் உழவர்கள் நிலத்தைக் கைவிட்டிருந்தனர். மாதக்கணக்கில் செத்துக் கிடந்த குதிரையின் தோலைப் பெண்கள் அறுத்துத் தின்றதை அவர் கண்டார். தோல்களை வேகவைத்துச் சந்தையில் விற்றனர். மாடுகளை அறுக்கும்போது வழியும் குருதியைக் கூட மக்கள் ஏந்திக்கொண்டனர்.

அரசக் களஞ்சியங்கள் அப்போது திறக்கப்பட்டன. தில்லிவாசிகள் அனைவருக்கும் ஆறு மாத உணவு வழங்கச் சுல்தான் ஆணையிட்டார். சிறியவர் பெரியவர், சுதந்திரமானவர் அடிமை என்ற வேறுபாடின்றி, தலைக்கு நாளொன்றுக்கு மக்ரிபு அளவில் ஒன்றரை ராத்தல் வீதம் கணக்கிடப்பட்டது. காஜிகளும் மார்க்கச் சட்ட அறிஞர்களும் தெருத்தெருவாகச் சென்று பெயர்ப்பட்டியல் எழுதி மக்களை அழைத்து வந்தனர்.

சுல்தான் குத்புத்தீன் முபாரக் ஷா கில்ஜியின் அடக்கத்தலத்தை நிர்வகிக்கும் பொறுப்பு இப்னு பதூதாவிடம் இருந்தது. அங்கு நாள்தோறும் சமைக்கச் சுல்தான் விதித்த அளவு 12 மன்னு மாவும் 12 மன்னு இறைச்சியும். நம் முன்னோர் வழங்கிய மணங்கு என்ற சொல்லுக்கு உறவான நிறை அது. மக்களின் பசியைக் கண்ட இப்னு பதூதா, விளைச்சல் வரவு போதுமானதாக இருந்ததால், அதை 35 மன்னு மாவும் 35 மன்னு இறைச்சியுமாக உயர்த்தினார்; அவற்றோடு சர்க்கரையும் நெய்யும் வெற்றிலையும் சேர்த்தார். ஆடம்பரத்தில் கடன் சுமந்த அவருடைய வாழ்க்கையில், பதவியைப் பிறர் பசி தீர்க்கப் பயன்படுத்திய இந்தப் பக்கமும் உண்டு.

காலியான நகரம்: கேட்டதும் கண்டதும்

தாம் நுழைந்தபோது அவ்வளவு பெரிய நகரில் மக்கள் குறைவாக இருந்ததாக அவர் எழுதுகிறார். தௌலதாபாத்துக்கு மக்கள் வெளியேற்றப்பட்டது அவர் வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது. அதைப் பற்றி அவர் சொல்பவை கேள்விப்பட்டவை. கண்ணிழந்த ஒருவரை இழுத்துச் சென்றதில் அவருடைய கால் மட்டுமே தௌலதாபாத் போய்ச் சேர்ந்தது என்பது அவற்றுள் ஒன்று. அரசு அலுவலரும் உலமாக்களும் ஸூஃபிகளும் செல்வக்குடியினருமே பெரும்பாலும் அனுப்பப்பட்டனர், முழு நகரமும் காலியாகவில்லை என்று பல வரலாற்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். கண்டதையும் கேட்டதையும் பிரித்து வாசிக்கும் பொறுப்பு நம்முடையது.

அவர் நூலைச் சொல்லி எழுதவைத்த விதத்தையும் மறக்கலாகாது. பயணத்தில் எழுதிய குறிப்புகள் கடற்கொள்ளையில் பறிபோயின. ஊர் திரும்பிய பின், மரீனிய சுல்தான் அபூ இனானின் ஆணைப்படி நினைவிலிருந்து அவர் சொல்ல, இப்னு ஜுஸை எழுத, 1355ஆம் ஆண்டில் நூல் நிறைவெய்தியது. ஆறு மாத உணவு வழங்கிய இந்தியச் சுல்தானின் கதையைக் கேட்ட ஃபாஸ் நகரத்தார் அவரைப் பொய்யர் என்று முணுமுணுத்தனர் என்று இப்னு கல்தூன் பதிவு செய்கிறார். தாம் காணாத ஒன்றை, காணவில்லை என்பதற்காகவே மறுக்கக் கூடாது என்று அமைச்சர் ஒருவர் தமக்கு அறிவுறுத்தியதையும் அவர் குறிப்பிடுகிறார். அதே சுல்தானின் அவையில் இருந்த வரலாற்றாசிரியர் ஜியாவுத்தீன் பரனியும் நற்பண்பும் கொடுமையும் கலந்த அரசராகவே அவரை வர்ணித்திருப்பதால், இப்னு பதூதாவின் சித்திரம் தனித்து நிற்கவில்லை.

காவலில் ஒன்பது நாள்

ஷைகு ஷிஹாபுத்தீனின் குகைக்கு ஒருமுறை சென்று வந்த குற்றத்துக்காக இப்னு பதூதாவும் சந்தேகத்துக்கு ஆளானார். நான்கு அடிமைகள் அவருக்குக் காவலாக நிறுத்தப்பட்டனர். அவ்வாறு காவல் வைக்கப்பட்டவர் தப்புவது அரிது என்பது நகரம் அறிந்த உண்மை. அது ஒரு வெள்ளிக்கிழமை. அல்லாஹ்வே நமக்குப் போதுமானவன் என்னும் பொருள்தரும் திக்ரை அன்று அவர் 33,000 தடவை ஓதினார். நீரைத் தவிர வேறெதுவும் உட்கொள்ளாமல் ஐந்து நாள்கள் தொடர்ந்து நோன்பிருந்து, நாள்தோறும் குர்ஆன் முழுவதையும் ஓதி முடித்தார். அதன்பின் நோன்பு திறந்து, மேலும் நான்கு நாள்கள் தொடர்ந்தார். ஷைகு கொல்லப்பட்டார், இப்னு பதூதா விடுவிக்கப்பட்டார்.

அந்த ஒன்பது நாள்கள் அவரை மாற்றின. பதவியைத் துறந்தார். உடைமைகளை ஏழைகளுக்குப் பகிர்ந்தளித்தார். குகைவாசி என்ற பொருளில் அல்காரீ என்று அழைக்கப்பட்ட கமாலுத்தீன் அப்துல்லாஹ் என்னும் துறவியிடம் ஐந்து மாதங்கள் தங்கினார். சிந்துவிலிருந்து சுல்தான் அழைத்தபோது ஏழையின் உடையிலேயே சென்றார். சுல்தான் கனிவாகப் பேசி, மீண்டும் பணியேற்கச் சொன்னார். அவர் மறுத்து, ஹஜ்ஜுக்குச் செல்ல அனுமதி கேட்டார். ஆனாலும் சில வாரங்களில், சீனப் பேரரசருக்குத் தூதராகச் செல்லும்படி அழைப்பு வந்தபோது, பயண வேட்கை அவரை மீண்டும் இழுத்தது. ஹிஜ்ரி 743 ஸஃபரில், 1342 ஜூலையில், அவர் தில்லியை விட்டுப் புறப்பட்டார்.

மதுரையோடு ஓர் உறவு

தில்லியின் கதை தமிழ் மண்ணையும் தொடுகிறது. மதுரையில் தில்லிக்கு எதிராக எழுந்து தனி சுல்தானாக முடிசூடிய ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாவின் மகள் ஹூர்நஸபைத் தில்லியில் இப்னு பதூதா மணந்திருந்தார். இரவில் நின்று வணங்கும் நல்ல பெண்மணி என்று அவரைப் பற்றி எழுதுகிறார். ஹூர்நஸபின் சகோதரர் இப்ராஹீம் சுல்தானின் ஆணையால் கொல்லப்பட்டார். மதுரையை அடக்கச் சுல்தான் தாமே படையுடன் புறப்பட்டும், தெலுங்கு நாட்டில் பரவிய கொள்ளைநோயால் திரும்ப நேர்ந்தது.

சீனத் தூது கோழிக்கோட்டுக் கடலில் புயலில் சிதறியது. தில்லிக்குத் திரும்ப அஞ்சிய இப்னு பதூதா மாலத்தீவு, இலங்கை வழியாக மஅபர் என்று அரபுகள் அழைத்த நம் கரைக்கு வந்தார். அப்போது மதுரையை ஆண்ட கியாஸுத்தீன் தாமகானி, ஹூர்நஸபின் சகோதரியை மணந்தவர். ஆகவே அவர் இப்னு பதூதாவுக்குச் சகலர். அந்தச் சகலரின் படை, சிறைபிடித்த இந்துக் குடிகளைப் பெண்கள் குழந்தைகளோடு வதைத்துக் கொன்றதை அவர் நேரில் கண்டார். வேறெந்த அரசரும் செய்ததாகத் தாம் அறியாத இழிசெயல் இது என்றும், இதனாலேயே அல்லாஹ் அவருடைய முடிவை விரைவுபடுத்தினான் என்றும் எழுதினார். உறவுமுறையோ ஒரே மார்க்கம் என்பதோ அவருடைய சாட்சியத்தை மாற்றவில்லை.

தில்லியில் விட்டுவந்த ஹூர்நஸபும் அவர் வயிற்றில் பிறந்த மகளும் பின்னர் என்ன ஆனார்கள் என்பது இப்னு பதூதாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. அவர்களைப் பற்றி அல்லாஹ்வே அறிவான் என்ற அளவில் அவர் நிறுத்திக்கொள்கிறார். அதற்கு முன்பே இன்னொரு மகள், ஒரு வயதுகூட நிறையாத குழந்தை, தில்லியில் இறந்திருந்தாள். மூன்றாம் நாள் காலையில் கப்ரைச் சுற்றி விரிப்பு விரித்து, மலர் சொரிந்து, குர்ஆன் ஓதி, பன்னீர் தெளித்து, வெற்றிலை கொடுத்த அந்நகரின் வழக்கத்தை அவர் விவரிக்கிறார். அந்தத் துயர நாளில் நாட்டின் அமைச்சரும் உடன் வந்து நின்றார். அவ்வளவு பரிவும் அவ்வளவு கொடுமையும் அதே நகரில்தான் இருந்தன.

சாட்சி சொல்வோர் நாமே

நீதியை நிலைநாட்டுவோராகவும் அல்லாஹ்வுக்காகச் சாட்சி சொல்வோராகவும் இருங்கள், அது உங்களுக்கோ உங்கள் பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராக இருந்தாலும் சரியே என்பது அந்நிஸா அத்தியாயத்தில் இறைவன் நமக்கு இட்ட கட்டளையின் கருத்து. அது நீதிமன்றத்துக்கு மட்டும் உரிய கட்டளை என்று நினைக்க வேண்டியதில்லை. வரலாற்றைப் பேசும்போதும் நாம் சாட்சிக் கூண்டில்தான் நிற்கிறோம்.

இப்னு பதூதா குறையற்றவர் அல்லர். அரசரின் பரிசுகளை விரும்பினார், அடிமைகளை வைத்திருந்தார், அஞ்ச வேண்டிய இடத்தில் அஞ்சினார். ஆயினும் உண்ட உப்புக்காகக் கொலையை மறைக்கவில்லை. பட்ட அச்சத்துக்காகக் கொடையை மறைக்கவில்லை. ஒரு சுல்தான் செய்த கொடுமையை ஒப்புக்கொள்வதால் நம் ஈமானுக்கு எக்குறையும் நேராது. இஸ்லாத்தின் அளவுகோல் குர்ஆனும் நபி (ஸல்) அவர்களின் வழிமுறையுமே தவிர, எந்த அரசரின் அரியணையும் அன்று. அதேபோல் அந்தச் சுல்தான் பசித்தோருக்குத் திறந்துவிட்ட களஞ்சியத்தைச் சொல்லாமல் விடுவதும் நீதியாகாது.

தில்லிக்குச் செல்லும் நம் குடும்பங்கள் நிஜாமுத்தீன் தர்காவையும் செங்கோட்டையையும் பார்த்துத் திரும்புகின்றன. முடிந்தால் குத்புமினாரோடு ஹவுளே காஸ் ஏரிக்கரைக்கும், துக்ளகாபாத்தின் இடிந்த மதில்களுக்கும், பிஜய் மண்டலுக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். அந்த வாயிலில் பரிசு பெற்றவர்களையும் சொல்லுங்கள். உயிர் இழந்தவர்களையும் சொல்லுங்கள். அரசரைப் பாராட்டிய நாவாலேயே அநியாயக்காரர் என்று சொல்லத் துணிந்த ஆலிம்களும் நம் வரலாற்றில் இருந்தார்கள் என்பதை அவர்கள் அறியட்டும். தமக்கு எதிராகவே ஆயினும் உண்மைக்குச் சாட்சி சொல்லும் துணிவை அல்லாஹ் நமக்கும் நம் மக்களுக்கும் அருள்வானாக. ஆமீன்.